"பார்வை இல்லாதவங்க நம்ம சைட்டுக்கு எங்க வரப்போறாங்க?" – சில கேள்விகள், பதில்கள்

எங்க ஆன்லைன் கடைக்கு பார்வை இல்லாத கஸ்டமர் யாரும் வந்ததே இல்ல, ஒரு கம்ப்ளைன்ட்டும் இல்ல. அவங்களும் யூஸ் பண்ற மாதிரி சைட்டை மாத்துறதுக்குப் போய் ஏன் சார் செலவு பண்ணணும்?

வந்ததே இல்லன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்? யார் ஸ்க்ரீன் ரீடர் (திரையில இருக்கிறதை வாசிச்சுக் காட்டுற சாஃப்ட்வேர்) வச்சு வந்தாங்கன்னு, சைட்டுக்கு வர்றவங்களைக் கணக்கெடுக்கிற உங்க அனலிட்டிக்ஸ் சொல்லாது. வந்திருப்பாங்க, கார்ட் பட்டனுக்கு பேர் வைக்காம வெறும் படமா போட்டு வச்சிருந்தா அவங்க காதுல "பட்டன், பட்டன், பட்டன்"னுதான் கேக்கும், எதை அமுக்குனா வாங்கலாம் எதை அமுக்குனா அழிஞ்சிடும்னு புரியாம மூடிட்டு வேற கடைக்குப் போயிருப்பாங்க. கம்ப்ளைன்ட் பண்றதுக்கும் உங்க ஃபார்மைத்தானே நிரப்பணும், அதுல 'நீங்க மனுஷன்தானா'ன்னு படத்தைக் காட்டி சோதிக்கிற கேப்சா வேற உக்காந்திருக்கும்!

உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குல சுமார் 130 கோடி பேருக்கு குறிப்பிடத்தக்க மாற்றுத்திறன் இருக்கு, அதாவது ஆறுல ஒருத்தர். காது கேக்காதவங்க, கை நடுங்குறவங்க, நிறைய எழுத்தைப் பார்த்தாலே குழம்புறவங்க எல்லாரும் இதுல சேர்த்தி. நாப்பது தாண்டி போனை தள்ளித் தள்ளிப் பிடிச்சு படிக்கிறவங்களே ஒரு பெருங்கூட்டம்.

வெளிர் சாம்பல் எழுத்துதான் க்ளாஸா இருக்குன்னு டிசைனர் அடம் பிடிக்கிறார்...

படிக்க முடியலன்னா க்ளாஸ் எதுக்கு? எல்லாரும் யூஸ் பண்ற மாதிரி சைட் எப்படி இருக்கணும்னு சொல்ற சர்வதேச வழிகாட்டி டபிள்யூ.சி.ஏ.ஜி. விதிப்படி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வித்தியாசம்) 4.5:1 இருக்கணும், பெரிய எழுத்துன்னா 3:1 போதும். வெயில்ல நின்னு போன் பாக்குறவங்களுக்கும் இதேதான் உதவும். அப்புறம், தப்பா நிரப்புன கட்டத்தை சிவப்பாக்கி மட்டும் விடாதீங்க, என்ன தப்புன்னு எழுத்துலயும் சொல்லுங்க, நிறம் பிரிச்சுப் பாக்க முடியாதவங்க நிறைய பேர் இருக்காங்க.

ஒரே ஒரு வரி கோட் போட்டா சைட் முழுசும் சரியாயிடும்னு ஒருத்தர் விட்ஜெட் (சைட்டுல ஒட்டி வைக்கிற குட்டி புரோகிராம்) விக்கிறாரு, வாங்கலாமா சார்?

வேண்டாம். பேர் இல்லாத பட்டனுக்கு சரியான பேரை அது ஊகிச்சுத்தான் வைக்கணும், பல நேரம் பார்வை இல்லாதவங்க ஏற்கனவே வச்சிருக்கிற ஸ்க்ரீன் ரீடரோடயே முட்டிக்கும். எந்த சைட்டையும் விதிக்கு ஏத்த மாதிரி ஆக்கிடும்னு விளம்பரம் பண்ணின ஆக்சஸிபி கம்பெனி மேல அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 2025ல நடவடிக்கை எடுத்து 10 லட்சம் டாலர் கட்ட வச்சுது. அந்தக் காசை உங்க டெவலப்பருக்குக் குடுங்க.

சட்டம் ஏதாவது இருக்கா?

இருக்கு, நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய யூனியன்ல ஆன்லைன் விற்பனைக்கும் சேர்த்து 2025 ஜூன் 28ல இருந்து அமலுக்கு வந்தாச்சு. உங்க கஸ்டமர் எங்க இருக்காங்கன்னு பாத்துட்டு வக்கீல்கிட்ட கேளுங்க. ஆனா கேஸ் பயத்துல மட்டும் செஞ்சா ரிப்போர்ட்ல டிக் விழும், ஆர்டர் விழாது.

பட்ஜெட் கம்மி. எங்க ஆரம்பிக்கிறது?

காசு வாங்குற வழியில. முகப்புப் பக்கத்தை அப்புறம் பாத்துக்கலாம். மவுஸை ஓரமா வச்சிட்டு டேப், என்டர்னு கீபோர்டை மட்டும் வச்சு ஒரு பொருளைத் தேடி பேமென்ட் வரைக்கும் போய்ப் பாருங்க, எங்க மாட்டிக்கிறீங்களோ, இப்ப எந்த இடத்துல நிக்கிறோம்னே தெரியாம எங்க முழிக்கிறீங்களோ அதுதான் முதல் வேலை. அப்புறம் விண்டோஸுக்கு என்.வி.டி.ஏ.ங்கிற ஸ்க்ரீன் ரீடர் இலவசமாவே கிடைக்குது, ஆண்ட்ராய்டுல அதே மாதிரி டாக்பேக் இருக்கு, அதைப் போட்டுட்டு கண்ணை மூடிட்டு அதே ஆர்டரை திரும்பப் போடுங்க.

பாஸ்வேர்ட் கட்டத்துல பேஸ்ட் பண்ண விடாம தடுக்கிற பழக்கத்தை தயவுசெஞ்சு எடுத்துடுங்க (இதை யார் கண்டுபிடிச்சாங்கன்னு தெரியல, செக்யூரிட்டின்னு சொல்லி எல்லாரையும் படுத்துறாங்க). ஓடிபி டைமரை கொஞ்சம் நீட்டுங்க. இதெல்லாம் முடிச்சிட்டு, ஸ்க்ரீன் ரீடரை தினமும் யூஸ் பண்ற ஒருத்தரைக் கூப்பிட்டு, காசு குடுத்து டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, ஓசியில கேக்காதீங்க.