திருகோணமலைப் பக்கம் நாயோடு காட்டுப்பாதையில் நடக்கலாமா?

தாராளமாக, ஆனால் நேரம் முக்கியம். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அதனால் கச்சான் என்கிற சூடான வறண்ட காற்று அடிக்கிற மாதங்களில் விடியவே கிளம்பி வெயில் ஏறமுன் திரும்பிவிடுங்கள், தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். வெந்நீரூற்று இருக்கிற கன்னியா தாண்டிப் பற்றைக்காட்டுக்குள் போவதென்றால் கயிற்றை அவிழ்க்கவே வேண்டாம். யானையைக் கண்டு குரைத்துவிட்டு நாய் உங்களிடம்தான் ஓடிவரும், பின்னால் யானையும் வரும். திருகோணமலைக் கோட்டைக்குள் மான்கள் திரிகிறபடியால் அங்கேயும் கூட்டிப்போகாதீர்கள். வீடு வந்ததும் காது, விரலிடுக்கு எல்லாம் உண்ணி பாருங்கள். விசர்நாய் (ரேபிஸ்) நோய்த் தடுப்பூசி தவறக்கூடாது, வழியெல்லாம் தெருநாய்கள். அப்புறம், விலைகூடின சாமான் ஒன்றும் தேவையில்லை, தண்ணீர்ப் போத்தலும் ஒரு சிரட்டையும் போதும்.