அடிமண்டியும் சேர்ந்துதான் வரும்

கேள்வி: என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, ஒன்றரை வருஷமாக டயாலிசிஸ் நடக்கிறது. வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். ஞாயிறு ஆராதனையில் எல்லாரும் கைகளை உயர்த்திப் பாடும்போது நானும் உயர்த்துகிறேன். ஆனால் மனசு, தண்ணீரை அளந்து குடிக்க வேண்டிய அவர் காலையிலிருந்து எத்தனை டம்ளர் குடித்தார் என்ற கணக்கிலேயே நிற்கிறது. சில நாள் தேவன்மேல் கோபம்கூட வருகிறது. முழு இருதயத்தோடு ஆராதிக்க வேண்டும் என்று பிரசங்கத்தில் கேட்கும்போது, நான் செய்வது மாய்மாலம் என்று தோன்றுகிறது. மனசு சரியாகிறவரைக்கும் ஆராதனைக்குப் போகாமல் இருந்துவிடலாமா, அக்கா?

பதில்: போகாமல் இருக்க வேண்டாம், தங்கச்சி. கைகளை வேண்டுமானால் இறக்கிவிடுங்கள்.

முழு இருதயம் என்றதும் நாம் சந்தோஷமான இருதயம் என்று எடுத்துக்கொள்கிறோம். இதை யார் கிளப்பிவிட்டார்களோ! முழுசு என்றால் உள்ளே கிடப்பது எல்லாமும்தான். தண்ணீர்க் கணக்கு, கோபம், ராத்திரி பயம், ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற கொஞ்சம் விசுவாசம், எல்லாமும்.

வேதாகமத்தில் வருகிற அன்னாளை நினைத்துப் பாருங்கள். பிள்ளையில்லாத வேதனையோடு ஆலயத்தில் நின்று அழுகிறாள். உதடுகள் மட்டும் அசைகின்றன, சத்தம் வரவில்லை. ஆசாரியன் ஏலி அதைப் பார்த்து, குடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று முடிவு கட்டுகிறார். (ஆராதனையில் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களின் கணிப்பு அன்றைக்கும் இந்த லட்சணம்தான்.) அவள் சொன்ன பதிலில் ஒரு வார்த்தை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ‘ஊற்றிவிட்டேன்’ என்கிறாள். குடத்தைக் கவிழ்த்து ஊற்றினால் மேலே தெளிந்த தண்ணீர் மட்டுமா வரும்? அடிமண்டியும் சேர்ந்துதான் வரும். உங்கள் கோபம் அந்த அடிமண்டி. அதை உள்ளேயே வைத்துக்கொண்டு தெளிவை மட்டும் மொண்டு கொடுத்தால், அதைத்தான் மாய்மாலம் என்று நான் சொல்வேன்.

என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். 9 வருஷத்துக்கு முன்னால் என் கணவருக்குப் பக்கவாதம் வந்து ஐ.சி.யூ.வில் கிடந்தார். முதல் நாள் ராத்திரி ஒரு நர்ஸ் வந்து, அவருடைய மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம், மோதிரம் மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு என்னிடம் கொடுத்தார். கண்ணாடியின் இடது பக்கம் அவருடைய பெருவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. அதைத் துடைக்க எனக்குக் கை வரவில்லை. பார்க்க வந்த ஒரு பெரியவர், “ஸ்தோத்திரம் சொல்லுங்கம்மா, பிசாசு ஓடிப்போவான்” என்றார். வாய் திறக்கவில்லை. அவர் எப்போது கிளம்புவார் என்றிருந்தது.

அப்புறம் கைப்பையிலிருந்த சின்ன வேதாகமத்தைத் திறந்து 13-ஆம் சங்கீதத்தை எடுத்தேன். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” முதல் இரண்டு வசனத்திலேயே ‘எதுவரைக்கும்’ நான்கு தடவை வருகிறது. மொத்தமே 6 வசனம்தான். 5-ஆவது வசனத்தில் தாவீது, உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன் என்று திரும்பிவிடுகிறார். எனக்கு 2-ஆவது வசனத்தைத் தாண்டவே ஐந்து வாரம் ஆனது. தினமும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அந்த இரண்டையே சொன்னேன், சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு. கண்ணாடியை, அவர் கண் விழித்துச் சைகையால் கேட்ட அன்றைக்குத்தான் துடைத்துக் கொடுத்தேன். இன்றைக்குத் திரும்பிப் பார்த்தால், நான் ஆராதித்த நாட்கள் என்று அந்த ஐந்து வாரத்தைத்தான் முதலில் சொல்வேன். அப்போது யாராவது கேட்டிருந்தால், ஜெபிப்பதையே விட்டுவிட்டேன் என்று சொல்லியிருப்பேன்.

யோபுவைப் பற்றியும் கேட்டிருப்பீர்கள். “கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்” என்ற வசனம் துக்க வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் மனப்பாடம். அதற்கு முந்தின வசனத்தையும் படியுங்கள். பத்துப் பிள்ளைகளும் செத்துப்போன செய்தி வந்ததும் அவர் முதலில் சால்வையைக் கிழிக்கிறார், தலையைச் சிரைக்கிறார், அப்புறம்தான் தரையில் விழுந்து பணிகிறார். கிழித்த சால்வையோடுதான் அந்தத் தொழுகை. 3-ஆம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிறார். நம் பிரசங்கிமார் பலர் 1-ஆம் அதிகாரத்திலிருந்து ஒரே தாவலில் கடைசி அதிகாரமான 42-க்குப் போய்விடுவதால், நடுவில் அந்த மனுஷன் எவ்வளவு வாதாடினார் என்பதே நமக்குத் தெரியாமல் போகிறது.

சரி, இனி உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். பாட்டில் மனசு ஒட்டாத வரி வந்தால் பாடாமல் நில்லுங்கள், ஒட்டுகிற வரியை மட்டும் பாடுங்கள். தண்ணீர்க் கணக்கு மனதுக்குள் ஓடினால் விரட்டாதீர்கள். “ஆண்டவரே, இன்றைக்கு மூன்று டம்ளர் ஆகிவிட்டது” என்று அதையே அவரிடம் சொல்லிவிடுங்கள். டயாலிசிஸ் நடக்கிற அந்த 4 மணி நேரத்தில் ஒரே ஒரு சங்கீதம் போதும். ஒன்றும் வரவில்லையென்றால் சும்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள்.

இன்னொன்று, நீங்கள் தூங்குகிறீர்களா? எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் படுத்துக்கொண்டு, போதும், சாக வேண்டும் என்று கேட்டபோது, தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிட வைத்தான். திரும்பத் தூங்கியதும் மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். அவ்வளவுதான். வாரத்தில் ஒரு நாளாவது மருத்துவமனையில் உங்களுக்குப் பதிலாக உட்கார யாரையாவது வாய்விட்டுக் கேளுங்கள். எலியா சொன்ன மாதிரி எண்ணம் உங்களுக்கும் வருமானால் அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அதனால் விசுவாசம் ஒன்றும் குறைந்துவிடாது.

கேள்வி: மறைவான பாவம் ஏதோ இருப்பதால்தான் என் மகனுக்கு இந்த வியாதி என்கிறார்கள் சபையில். எதை அறிக்கையிடுவது என்றே தெரியவில்லை.

பதில்: சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே பதிலும் சொல்லிவிட்டார். பிறவிக் குருடனைப் பார்த்து, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோதும் அதே பதில்தான். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் நல்லவர்கள். உங்களிடம் இப்படிப் பேசுகிறவர்களையும் வந்து சும்மா உட்காரச் சொல்லுங்கள்.

கேள்வி: அம்மா இறந்தபிறகு எனக்குப் பாடவே வரவில்லை. மற்றவர்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டு மட்டும் நிற்கலாமா?

பதில்: தாராளமாக. நடக்க முடியாமல் கிடந்த திமிர்வாதக்காரனை நான்கு பேர் படுக்கையோடு சுமந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு ‘அவர்கள்’ விசுவாசத்தைக் கண்டார் என்றுதான் எழுதியிருக்கிறது. படுத்திருந்தவன் அன்றைக்கு என்ன நினைத்துக்கொண்டிருந்தான் என்று ஒரு வார்த்தை இல்லை. கடைசி வரிசையில் வாசலுக்குப் பக்கமாக நில்லுங்கள். அழுகை வந்தால் வெளியே போய்விட்டுத் திரும்பி வர வசதியாக இருக்கும்.