விலை கேட்காத வியாபாரி

கேள்வி: நாச்சியார்கோயிலில் குத்துவிளக்குப் பட்டறை நடத்துகிறேன். துபாய் கம்பெனி என்று ஒரு மின்னஞ்சல். 2,000 விளக்கு வேண்டுமாம். இன்று மாலைக்குள் பதிவுக் கட்டணம் 18,500 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள், அண்ணே. கும்பகோணம் கடைத்தெருவில் ஒரு சொம்பு வாங்குகிறவர்கூடத் தட்டிப் பார்த்து, எடை கேட்டு, பத்து ரூபாய் குறைக்கச் சொல்வார். 2,000 விளக்கு வாங்குகிறவர் உயரம் என்ன, விலை என்ன என்று கேட்கவே இல்லையே! அங்கேயே எனக்கு இடித்தது.

நீங்கள் அனுப்பிய நகலைப் படித்தேன். உங்கள் பெயரே இல்லை. ‘விளக்கு’ என்ற சொல் மட்டும் வேறு எழுத்தில், ஒட்டுப்போட்ட மாதிரி. தஞ்சாவூரில் தட்டு செய்கிறவருக்கு ‘தட்டு’ என்று ஒட்டியிருப்பார்கள். அனுப்பியவர் பெயரைத் தொட்டுப் பாருங்கள்: மேலே கம்பெனி, உள்ளே சாதாரண ஜிமெயில்.

‘ஒப்பந்தம் முடியும்வரை யாரிடமும் சொல்ல வேண்டாம்’ என்ற வரிதான் விஷம். ஆடிட்டரிடம் காட்டினால் குட்டு உடைந்துவிடும் அல்லவா? மாலைக்குள் என்ற கெடுவும் அதற்குத்தான். (நானும் ஒருமுறை இப்படி 4,000 ரூபாய் விட்டவன்தான், வீட்டில் இன்னும் சொல்லவில்லை.)

ஏற்கெனவே பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள், அப்புறம் வங்கிக்கு.