இரண்டு வருடம் கோலாலம்பூர், ஒரு வருடம் மெல்பர்ன் என்று சொன்னால் நம்பாதீர்கள் தம்பி

தம்பி, புதுக்கோட்டையிலிருந்து நீங்கள் கேட்டது இதுதான். பிளஸ் டூ முடித்தாயிற்று, டிகிரிக்கு மலேசியாவா ஆஸ்திரேலியாவா? இரண்டு வருடம் கோலாலம்பூரில் படித்துவிட்டுக் கடைசி வருடம் மெல்பர்ன் போனால் செலவு பாதி, அப்புறம் அங்கேயே வேலை விசா, பிஆர் என்கிற நிரந்தரக் குடியுரிமை அனுமதி என்று ஏஜெண்ட் சொல்கிறாராம். வாடகை, சாப்பாடு, வெயில் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதெல்லாம் வந்த ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். ஏஜெண்ட் சொன்ன கணக்கைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரிகிறது.

ஆஸ்திரேலியாவில் படித்து முடித்தபின் வேலை பார்க்கத் தருவது 485 விசா. அதற்கு இரண்டு கல்வியாண்டு, அதாவது குறைந்தது 92 வாரப் படிப்பை, ஆஸ்திரேலியாவில் இருந்தே படித்திருக்க வேண்டும். நான் இருக்கும் மலேசியாவில், கோலாலம்பூர் பக்கம் சன்வேயில், மெல்பர்னின் மொனாஷ் பல்கலைக்கழகக் கிளை 1998-லிருந்து நடக்கிறது, நல்ல பல்கலைக்கழகம். ஆனால் இந்தக் கிளையில் படிக்கிற ஒரு நாள்கூட அந்த 92 வாரத்தில் சேராது. கடைசி ஒரு வருடம் மட்டும் மெல்பர்ன் போனால் 92 வாரம் எங்கிருந்து வரும்? ஒரு வருடம் இங்கே, இரண்டு வருடம் அங்கே என்று மாற்றிப் போட்டால் வழி உண்டு. அப்போது பாதிச் செலவு என்ற பேச்சே போய்விடும். மாணவர் விசாக் கட்டணமே 2025 ஜூலையிலிருந்து 2,000 ஆஸ்திரேலிய டாலர். இதை எழுதிக் காட்டி ஏஜெண்டிடம் கேளுங்கள், முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

சரி, மலேசியாவிலேயே இருந்துவிடலாமா? படிக்க நல்ல ஊர். குடியேற நினைத்து வராதீர்கள். இங்கே படித்ததற்காக யாரும் சிவப்பு ஐசி, அதாவது நிரந்தரமாகத் தங்குகிறவர்களுக்கான அடையாள அட்டை, தரமாட்டார்கள். 2008-ல் வந்த நான் இன்றும் வேலை பெர்மிட்டில்தான் இருக்கிறேன். இங்கே பிறந்த என் மகனுக்கும் இந்தியப் பாஸ்போர்ட்தான்.

பார்ட் டைம் வேலை செய்தே ஃபீஸ் கட்டலாம் என்பது அடுத்த பொய். இங்கே ஏழு நாளுக்கு மேல் விடுமுறை விட்டால்தான் வேலை, அதுவும் வாரம் 20 மணி நேரம், கல்லூரி மூலம் குடிநுழைவுத் துறையில் அனுமதி வாங்கி. இன்னொன்று, 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் மலேசியாவில் 30 நாள் தங்க விசா வேண்டாம் என்றானதும், 'டூரிஸ்டாக இறங்கு, உள்ளே போய் மாற்றிக்கொள்ளலாம்' என்று பிள்ளைகளை ஏற்றிவிடுகிறார்கள். மாணவர் விசா ஒப்புதல் கடிதம் கையில் வராமல் விமானம் ஏறாதீர்கள்.

இப்படி அனுப்புகிறவர்கள் வேறு யாருமில்லை, நம் ஆட்கள்தான். தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். என்னையும் அப்படித்தான் ஒருவர் அனுப்பினார். கல்லூரி என்றால் கீழே டயர் கடை, மேலே இரண்டு மாடி. இங்கே தங்கிப் படிக்கத் தரும் மாணவர் பாஸைப் புதுப்பிக்க என்று பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு நாலு மாதம் தரவில்லை. ஆபீஸ் மேஜையில் ஒரு செருப்புப் பெட்டி, அதில் எங்கள் எல்லாருடைய பாஸ்போர்ட்டும் ரப்பர் பேண்ட் போட்டு நிற்கும். கண்ணால் பார்க்கலாம், கையில் கிடைக்காது.

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு பிளாட்டில் ஏழு பெண்கள் இருந்தோம். ஒரு ராத்திரி குடிநுழைவு அதிகாரிகள் சோதனைக்கு வந்துவிட்டார்கள். என்னிடம் இருந்தது ஜெராக்ஸ் மட்டும். அவர்கள் மலாயில் கேட்பது ஒன்றும் புரியவில்லை, கை நடுங்குகிறது. கீழே நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்கும் மலாய்க்காரப் பெரியம்மா, மக்சிக் என்றுதான் கூப்பிடுவோம், சத்தம் கேட்டு மாடியேறி வந்து, 'பூடாக் கோலேஜ், பூடாக் கோலேஜ்' என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். படிக்கிற பிள்ளை என்று அர்த்தம். காலையில் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டச் சொல்லிவிட்டுப் போனார்கள். விடிந்ததும் அந்த ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தேன், பெட்டியைத் திறக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

அப்புறம் தினமும் வகுப்புக்கு முன்னால் அரை மணி நேரம் மக்சிக்குக்குப் பொட்டலம் மடித்துக் கொடுத்தேன். காசுக்காக இல்லை, மலாய் படிக்க. சாத்து, டுவா, தீகா என்று பொட்டலத்தை எண்ணித்தான் தொடங்கினேன். ஆறு மாதத்தில் யார் கேட்டாலும் பதில் சொல்ல வந்துவிட்டது. பதினைந்து வருடம் பிரிக்பீல்ட்ஸிலேயே இருந்துகொண்டு, மெஸ்ஸும் தமிழ்க் கடையும் போதும் என்று நாலு வார்த்தை மலாய் பேசாதவர்களை எனக்குத் தெரியும். இருக்கிற நாட்டின் மொழியை மதிக்காமல் அந்த நாட்டைக் குறை சொல்வது எனக்குப் பிடிக்காது. இப்போது பெர்மிட் புதுப்பிக்கப் போனால் கவுண்டரில் நானேதான் பேசுகிறேன்.

மக்சிக் இப்போது கிள்ளானில் மகள் வீட்டில் இருக்கிறார். ஹரி ராயாவுக்கு, அதாவது நம்மூர் ரம்ஜானுக்கு, முறுக்கு எடுத்துக்கொண்டு போவேன். கதவைத் திறந்ததும், பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பார்.