வாசகர் கேள்விகள்: சென்னைப் பல்கலைக்கழகமும் முனைவர் பட்டமும்

சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கிய காலத்தில் அங்கே வகுப்பே நடக்கவில்லையாமே, அப்படியா?
— வாசகர், ஆற்காடு

அப்படித்தான். 1857 செப்டம்பர் 5 அன்று வந்த சட்டம் அதை லண்டன் பல்கலைக்கழகத்தின் அச்சில் வார்த்தது. பாடம் சொல்லித்தருவது கல்லூரிகளின் பாடு. பாடத்திட்டம் வகுத்து, தேர்வு வைத்து, பட்டம் கொடுப்பதோடு பல்கலைக்கழகத்தின் வேலை முடிந்தது. முதல் பி.ஏ. பட்டதாரிகளான சி.வை. தாமோதரம் பிள்ளையும் கறோல் விசுவநாத பிள்ளையும் யாழ்ப்பாணத்துக்காரர்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மெரினாவைப் பார்த்து நிற்கிற செனட் ஹவுஸ்கூட (சிஷோம் வடிவமைத்தது, 1874–79) வகுப்பறைக்காகக் கட்டியதல்ல.

பல்கலைக்கழகமே பாடம் நடத்தலாம், ஆய்வு செய்யலாம் என்ற வழியை 1904ஆம் ஆண்டுச் சட்டம் திறந்தது. 1923ஆம் ஆண்டுச் சட்டம் அதை உறுதியாக்கியது. அந்தக் காலத்து உழைப்புக்குச் சான்று வேண்டுமென்றால் பல்கலைக்கழகம் வெளியிட்ட பேரகராதியான தமிழ் லெக்சிகனைப் புரட்டிப் பாருங்கள். 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகள், 1939இல் ஒரு பின்னிணைப்பு. பெரும்பகுதிக்குப் பதிப்பாசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை. இன்றைக்கும் ஆய்வாளர் மேசையில் அதற்கு மாற்று வரவில்லை என்பது எங்கள் கருத்து.

பட்டமே இல்லாத ராமானுஜனுக்கு ஆய்வு உதவித்தொகை எப்படிக் கிடைத்தது?
— வாசகி, கும்பகோணம்

விதியைத் தளர்த்தித்தான். அந்த உதவித்தொகைக்கு முதுகலைப் பட்டம் வேண்டும், அவரோ பி.ஏ.வுக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வையே தாண்டாதவர், சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் குமாஸ்தா. 1913இல் மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் ஒதுக்கியது. நிபந்தனை ஒன்றே: மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்த வேலையை எழுதித் தர வேண்டும். 1914 மார்ச்சில் கப்பல் ஏறுவதற்குள் மூன்று அறிக்கைகள் தந்துவிட்டார். இன்றைய ஆய்வு மாணவர்கள் அலுத்துக்கொள்ளும் முன்னேற்ற அறிக்கைக்கு இவ்வளவு பழைய வேர் இருக்கிறது.

பிஎச்.டி.யை 3 வருடத்தில் முடிக்க முடியுமா? நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
— வாசகர், திருவண்ணாமலை

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிமுறைப்படி 3 ஆண்டு என்பது குறைந்தபட்சம், அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு சலுகை உண்டு.

நெறியாளரைப் பொறுத்தவரை, அவருடைய புகழை விட ஓய்வுபெறும் தேதி முக்கியம். ஓய்வுபெற 3 ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிய மாணவரைச் சேர்க்க முடியாது. அடுத்தது, இடம் காலியா என்று கேளுங்கள். பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேர், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். "வாங்க, பார்த்துக்கலாம்" என்ற வாய்ச்சொல்லை நம்பி ஒரு வருடத்தை விடாதீர்கள். வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாகப் படிப்பதென்றால் அலுவலகத்தின் தடையின்மைச் சான்றை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

தாமதம் பெரும்பாலும் தலைப்பில் தொடங்குகிறது. 'தமிழ் நாவல்களில் பெண்' என்று பதிவு செய்தால் எங்கே நிறுத்துவது என்றே தெரியாது. ஒரு பத்தாண்டு, ஒரு வட்டாரம், பத்துப் பன்னிரண்டு நூல்கள் என்று வேலி போட்டால் மூன்றாம் ஆண்டில் இயல்கள் கைக்கு வரும். ஆய்வேட்டைக் கொடுத்த பிறகும் காத்திருப்பு இருக்கிறது. நெறியாளர் தவிர வெளித்தேர்வாளர் குறைந்தது இருவர் படிக்க வேண்டும். அவர்களில் ஒருவர் நிராகரித்தால் இன்னொருவருக்குப் போகும். அவரும் நிராகரித்தால் அவ்வளவுதான்.

என் ஆய்வேட்டில் 18% ஒப்புமை காட்டுகிறது. பதிவு ரத்தாகுமா?
— ஆய்வு மாணவி, வேலூர்

ஆகாது. ஒப்புமை என்பது உங்கள் எழுத்து பிறர் எழுத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்று மென்பொருள் காட்டும் அளவு. யுஜிசியின் 2018 கருத்துத் திருட்டுத் தடுப்பு விதியில் 10% வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40% வரை, திருத்திக் கொடுக்க அதிகபட்சம் 6 மாத அவகாசம் தருவார்கள். 60 வரை போனால் திருத்திய ஆய்வேட்டைக் கொடுக்க ஓராண்டு தடை. அதையும் தாண்டினால்தான் பதிவு ரத்து.

பதறாமல் அறிக்கையைத் திறந்து, எது எதோடு பொருந்தியிருக்கிறது என்று பாருங்கள். துணைநூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை, முறையாகச் சுட்டிய மேற்கோள் எல்லாம் கணக்கில் சேரக் கூடாது. அவற்றை விலக்காமல் ஓட்டியிருந்தாலே எண் ஏறிவிடும். நீங்களே முன்பு வெளியிட்ட கட்டுரையோடும் பொருந்தும். அதை உரிய இடத்தில் குறிப்பிட்டிருக்க வேண்டும்.

தமிழ் ஆய்வேடு என்றால் இன்னொரு கோளாறு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு மென்பொருளுக்குத் தமிழாகவே தெரியாது. அர்த்தமற்ற ரோமன் எழுத்துக் குவியலாகப் படும், ஒப்புமை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும். அந்தப் பூஜ்யத்தை நம்பிக் கையெழுத்து வாங்கிவிட்டுப் பிறகு மாட்டிக்கொள்ளாதீர்கள். யூனிகோடுக்கு மாற்றி, மாற்றத்தில் சிதைந்த ஒற்றெழுத்துகளைக் கண்ணால் சரிபார்த்து, அதன் பிறகு சோதனைக்குக் கொடுங்கள்.