கிளட்ச் போச்சு, காரையும் கொடுத்துடலாமா?

கேள்வி: 2012ல் வாங்கிய பெட்ரோல் கார். கிளட்ச், முன்பக்க சஸ்பென்ஷன், ஏசி கம்ப்ரசர் எல்லாம் சேர்த்து 52,000 ரூபாய் ஆகுமாம். செலவு செய்யலாமா, விற்றுவிடலாமா? - வாசகி, மயூர் விஹார், டெல்லி.

பதில்: சென்னையில் இருந்து கேட்டிருந்தால் முதலில் இன்ஜினைப் பாருங்கள் என்றிருப்பேன். டெல்லியில் முதலில் பார்க்க வேண்டியது ஆர்.சி., அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழ். டீசல் வண்டி 10 வருஷம், பெட்ரோல் வண்டி 15 வருஷம்தான் ஓடலாம் என்று பசுமைத் தீர்ப்பாயம் போட்ட கட்டுப்பாட்டை 2018ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது, அப்புறம் தளர்வு, திருத்தம் என்று மாறிக்கொண்டே இருக்கிறது. அதை நம்பிப் பணத்தைப் போட மாட்டேன். உங்கள் பதிவு 2027 வரைதான். 52,000ஐ மிச்சமிருக்கும் மாதங்களால் வகுத்துப் பாருங்கள், மயக்கமே வரும்.

ஆனால் கிளட்சை மட்டும் மாற்றிவிடுங்கள். கியர் விழாத வண்டியைக் காட்டினால் வாங்க வருபவர் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம், அப்படியென்றால் கிளட்சும் வேண்டாம், வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள்.

ஊரில் தம்பிக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் படிவம் 28 கொடுத்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்குங்கள், தமிழ்நாட்டில் சாலை வரி தனியாகக் கட்ட வேண்டும். யாருக்கு விற்றாலும் சரி, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30ல் வெறும் கையெழுத்துப் போட்டு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஆர்.சி.யில் பெயர் மாறும்வரை அபராத சலான் உங்கள் பெயருக்குத்தான் வரும். எனக்கு வந்தது, வண்டியை விற்று ஏழு மாதம் கழித்து!