வாய்க்கால் தலைப்பில் மச்சானின் வயல்: தலைவர் என்ன செய்வது?

மன்னார்ப் பக்கம், கட்டுக்கரைக்குளத்துக்குக் கீழே செய்கை பண்ணும் ஒரு சகோதரர் கேட்டிருக்கிறார். கேள்வி நீளம், சாரம் இதுதான்: "மௌலவி, இந்தத் தடவை கமக்காரர் அமைப்புக்கு என்னைத் தலைவராக்கிவிட்டார்கள், நான் கேட்டுப் போகவில்லை. சிறுபோகத்துக்குத் தண்ணீர் மட்டு. வாய்க்கால் தலைப்பில் என் தங்கச்சியின் மாப்பிள்ளைக்கு வயல். தன் முறை முடிந்தும் மச்சான் மடையைக் கட்டுவதில்லை. கடைசி வயல்களில் நம் முஸ்லிம் ஆட்களுடையதும் இருக்கிறது, தமிழ் ஆட்களுடையதும் இருக்கிறது. வாயைத் திறந்தால் குடும்பம் கெடும், திறக்காவிட்டால் ஊர் பேசும். போதாததற்கு ஒருவர் வீட்டில் அரிசி மூட்டை இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். பதவியை விட்டுவிடட்டுமா?"

விட வேண்டாம். நபி (ஸல்) அவர்கள் தம் தோழர் அப்துர் ரஹ்மான் பின் ஸமுராவிடம், பொறுப்பைக் கேட்டு வாங்கினால் அதனிடமே விடப்படுவீர், கேட்காமல் வந்தால் அதில் உமக்கு உதவி கிடைக்கும் என்று சொன்னார்கள். உங்களுக்குக் கேட்காமல் வந்திருக்கிறது. நீங்கள் விலகினால் அடுத்து யார் வருவார், அவருடைய மச்சான் வயல் எங்கே இருக்கிறது என்றும் கொஞ்சம் யோசியுங்கள்.

இனி உங்கள் பிரச்சினை. இதே பிரச்சினை, இதே உறவு, மதீனாவில் நடந்திருக்கிறது. ஹர்ரா என்ற கல்லாங்காட்டிலிருந்து வரும் வாய்க்கால் தண்ணீருக்காக ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் மதீனாவாசியான ஓர் அன்ஸாரிக்கும் தகராறு. ஸுபைரின் பேரீச்சந் தோட்டம் மேலே, மற்றவருடையது கீழே. ஸுபைரின் தாய் ஸஃபிய்யா நபியவர்களின் தந்தைக்குச் சகோதரி, அதாவது நம் வழக்கில் ஸுபைர் நபியவர்களுக்கு மாமி மகன், மச்சான் முறை. வழக்கைக் கேட்ட நபியவர்கள், "ஸுபைரே, பாய்ச்சிக்கொண்டு பக்கத்துக்காரருக்கு விட்டுவிடும்" என்றார்கள். அந்த அன்ஸாரிக்குக் கோபம் வந்துவிட்டது: "உங்கள் மாமி மகன் என்பதாலா?" நபியவர்களின் முகம் மாறியது. அப்போதுதான், "பாய்ச்சும் ஸுபைரே, வரம்புக்கு ஏறும்வரை நிறுத்திவைத்துப் பிறகு விடும்" என்று சொன்னார்கள். புஹாரியில் வரும் ஹதீஸ் இது.

பயான்களில் இதை அவசரமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள், நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. மேலே இருப்பவருக்கு உள்ள முழு உரிமை இரண்டாவது தீர்ப்பில்தான் வருகிறது. முதலில் சொன்னது சமாதான வழி, ஸுபைர் தன் உரிமையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் வழி. அதாவது விட்டுக்கொடுப்பை நபியவர்கள் முதலில் கேட்டது தன் சொந்த மச்சானிடம்! மற்றவர் அதை ஏற்காதபோது, "சொந்தக்காரனுக்குச் சாய்கிறார்" என்று பெயர் வருமே என்பதற்காக ஸுபைரின் உரிமையைக் குறைக்கவுமில்லை. ஆகவே மச்சானுக்கு உரியதை ஊர்வாய்க்குப் பயந்து வெட்டாதீர்கள், உரியதற்கு மேல் ஒரு மணித்தியாலமும் கொடுக்காதீர்கள். (இந்தச் சம்பவத்தைக் காட்டி வாய்க்கால் கட்டில் நின்று சத்தம் போடவும் வேண்டாம். கோபத்தில் இருக்கும்போது இருவருக்கிடையே தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதும் நபிமொழிதான்.)

வரம்புக்கு ஏறும்வரை என்றால் எவ்வளவு? மக்கள் அதை அளந்து, கணுக்கால் அளவு என்று கணக்கு வைத்துக்கொண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கணுக்கால் எல்லாரிடமும் இருக்கிறது, தலைவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. உங்களுடையது குளத்துத் தண்ணீர், எல்லாருக்கும் பங்கு உள்ளது, அதனால் உங்கள் கணுக்கால் மணிக்கணக்கு. ஸாலிஹ் நபியின் ஒட்டகம் பற்றிய இடத்தில் குர்ஆன் (54:28) தண்ணீர் பங்கிடப்பட்டது, அவரவர் முறைக்கு அவரவர் வரவேண்டும் என்று சொல்கிறது. ஏக்கருக்கு எத்தனை மணித்தியாலம், எந்த இரவு யாருடையது என்று ஒரு தாளில் எழுதிப் பள்ளிவாசலிலும் கோயிலடியிலும் ஒட்டுங்கள், வட்ஸ்அப்பிலும் போடுங்கள். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் மச்சானும் கை உயர்த்தித்தானே தீர்மானம் எடுத்தது, ஒப்புக்கொண்டதை நிறைவேற்றுங்கள் என்று 5:1 சொல்வது அவருக்கும்தான்.

கடைசி வயல்காரர்கள் விஷயம். மதீனாவுக்கு வடக்கே கைபரில் யூதர்கள் விளைச்சலில் பாதியை முஸ்லிம்களுக்குத் தரும் ஏற்பாட்டில் தோட்டம் செய்தார்கள், நபியவர்கள் அனுப்பிப் பேரீச்சையை மதிப்பிடப் போனவர் அப்துல்லாஹ் பின் ரவாஹா (ரலி). குறைத்து மதிப்பிடச் சொல்லிப் பெண்களின் நகையைச் சேர்த்துக் கொண்டுவந்து நீட்டினார்கள். அவர் தொடவில்லை. உங்கள் மேல் எனக்குள்ள வெறுப்பு உங்களுக்கு அநீதி செய்ய வைக்காது என்றார். வானமும் பூமியும் நிற்பது இந்த நீதியால்தான் என்று அந்த யூதர்களே சொன்னார்கள். அங்கே பகை இருந்தும் அப்படி, உங்கள் ஆட்களோ பக்கத்து வயல்காரர்கள். சின்ன வயதில் முறை இரவுகளில் வாப்பாவோடு டோர்ச் லைட்டும் சாக்குமாக மடையடியில் படுத்திருக்கிறேன். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அந்த வயலை விட்டு வந்தோம். திரும்பி வந்தபோது ஒரே பற்றைக்காடு, எங்கள் வரம்பு எதுவென்று நடந்து காட்டியவர் கீழ் வயல் தமிழ் ஐயாதான். அவருக்கு முறை பிசகாமல் தண்ணீர் போயிருந்தது, அதை அவர் மறக்கவில்லை.

மச்சானிடம் வாய்க்காலடியில், நாலு பேர் முன்னால் பேச வேண்டாம். அஸருக்குப் பிறகு வீட்டுக்குப் போய், தங்கச்சியும் கேட்கும்படி, தாளைக் காட்டிச் சொல்லுங்கள். அவர் பக்கத்தையும் கேளுங்கள், மடைப் பலகை உடைந்திருக்கலாம். அலீ (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது, ஒருவர் பேச்சைக் கேட்டதுபோல் மற்றவர் பேச்சையும் கேட்காமல் முடிவு சொல்லாதீர் என்றுதான் நபியவர்கள் சொல்லி அனுப்பினார்கள். சரி, அதற்கும் கேட்கவில்லை என்றால் மடையைக் கட்டும் வேலையைத் தண்ணீர் முறை பார்க்கும் வட்டவிதானையிடம் விட்டுவிடுங்கள், மற்றவனுக்கு என்ன விதியோ அதே விதி. நீதியில் நிலைத்து நில்லுங்கள் என்று சொல்லும் 4:135இல், அது பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக இருந்தாலும் என்று பெயர் சொல்லித்தான் அல்லாஹ் குறிப்பிடுகிறான்.

அரிசி மூட்டை: ஸகாத் சேர்க்கப் போன ஒருவர், இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பு என்று வந்து நின்றபோது, தாய் தந்தை வீட்டில் இருந்திருந்தால் இது தேடி வந்திருக்குமா என்று நபியவர்கள் மிம்பரில் ஏறிக் கேட்டார்கள். போன வருடம் அந்த ஆள் உங்களுக்கு அரிசி தந்தாரா? இல்லையென்றால் மூட்டையைப் பகலில், மோட்டார் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய்க் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். சமைத்துவிட்டீர்கள் என்றால் கடை விலையைக் கொடுங்கள். அவருடைய முறை இரவில் தண்ணீர் சரியாகப் போகிறதா என்று பார்க்கவும் மறக்காதீர்கள், அரிசி தந்தவர் என்பதால் அவருக்குக் குறையவும் கூடாது.